முதுகுப்பை நடைப்பயணத்துக்கு இலகுவான கோடரி: எதைத் தெரிவு செய்வது?

ஏரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஒக்டோபர் முதல் வாரத்தில் நண்பர்கள் மூவரோடு ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவிலுள்ள ஹைலண்ட் முதுகுப்பைப் பாதையின் 19 கிலோமீற்றர் சுற்றை நடக்க முடிவு செய்திருக்கிறோம். ஏரியோரத் தளங்களில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்குவோம். சமையலுக்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும் என்பதாலும், மழை பிடித்துக்கொண்டால் கையால் பொறுக்கும் சுள்ளிகள் எல்லாம் நனைந்தே கிடக்கும் என்பதாலும், சற்றுத் தடித்த விறகைப் பிளந்து உள்ளிருக்கும் உலர்ந்த பகுதியை எடுப்பதற்கு ஒரு கோடரி வேண்டும் என நினைக்கிறேன்.

மூன்றை மனத்தில் வைத்திருக்கிறேன். முதலாவது பின்லாந்து நிறுவனமான பிஸ்கார்ஸின் எக்ஸ்7. எடை ஏறக்குறைய 640 கிராம், விலையும் குறைவு. இரண்டாவது சுவீடனின் கிரான்ஸ்போர்ஸ் புரூக் செய்யும் வைல்ட்லைஃப் கைக்கோடரி. ஏறக்குறைய 600 கிராம். மூன்றாவது அதே பட்டறையின் ஸ்மோல் பொரெஸ்ற் கோடரி. ஒரு கிலோவை நெருங்குகிறது, காம்பு ஏறத்தாழ அரை மீற்றர் நீளம். சுவீடன் கோடரிகள் எக்ஸ்7-ஐவிடப் பல மடங்கு விலை. அந்த விலைக்கு ஏற்ற பயன் உண்டா? எடையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகாடு:

வணக்கம் தம்பி. எடையைப் பார்க்கும் முன், அந்தக் கோடரிக்கு அங்கே என்ன வேலை என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மரத்தைக் குறுக்கே துண்டாக்குவது ஒரு வேலை, நீளவாக்கில் பிளப்பது இன்னொரு வேலை. குறுக்கே வெட்டுவதற்கு மடக்கு வாளை (மடித்து வைக்கும் ரம்பத்தை) மிஞ்சிய கருவி நடைப்பயணியிடம் இல்லை. பாஹ்கோ லாப்லாண்டர் வாளின் அலகு 19 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 200 கிராம். மணிக்கட்டுத் தடிப்புள்ள உலர்ந்த ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) கிளையை அது ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடும். அதே கிளையை 600 கிராம் கைக்கோடரியால் வெட்டினால் சிராய்கள் நாலாபுறமும் தெறிக்கும், கை சோரும், சோர்ந்த கை குறி தவறும். வாளையும் சேர்த்து எடுத்தால் கோடரிக்கு மிஞ்சுவது பிளக்கும் வேலை மட்டுமே. பிளப்பதற்குப் பெரிய வீச்சு வேண்டியதில்லை. ஆகவே சிறிய கோடரியே போதும்.

இனி நீங்கள் சொன்ன மூன்றையும் பார்ப்போம். எக்ஸ்7-இன் காம்பு கண்ணாடியிழை சேர்த்த பிளாஸ்ரிக்கால் ஆனது, உள்ளே வெற்றிடம் உள்ளது. தலையைச் சுற்றிக் காம்பையே வார்த்திருப்பதால் தலை கழன்று பறக்கும் அச்சம் இல்லை. மழையில் ஊறுவதும் இல்லை, வெயிலில் சுருங்குவதும் இல்லை. காம்பு உடைந்தால் மாற்ற முடியாது என்பது ஒரு குறைதான். ஆனால் எடையின் பெரும்பங்கு தலையில் இருக்கிறபடியால் அதன் அளவுக்கு நன்றாகப் பிளக்கிறது. வைல்ட்லைஃப் கோடரியின் தலை ஏறக்குறைய 450 கிராம். வாய் (வெட்டும் விளிம்பு) மெல்லியது, மிகக் கூர்மையானது. நெருப்பு மூட்டுவதற்கு மெல்லிய சீவல்கள் சீவவும், கூடார முளை கூராக்கவும் அதைப் போல இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆனால் மெல்லிய வாய் மரத்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தடித்த கன்னங்கள் (தலையின் இரு பக்கங்கள்) உள்ள கோடரியைப்போல மரத்தை இருபுறமும் விலக்கித் தள்ளாது. அதை அடித்த கொல்லரின் பெயரெழுத்துகள் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வேலைப்பாட்டை மதிக்கிறவர்கள் வாங்கட்டும், நானும் மதிக்கிறேன். உங்கள் இரண்டு இரவுகளுக்கு எக்ஸ்7-உம் ஒரு மடக்கு வாளும் சேர்ந்து 850 கிராமுக்குள் அடங்கும். ஸ்மோல் பொரெஸ்ற் கோடரி ஒன்றின் எடையைவிட அது அதிகமில்லை.

கடையில் மரக்காம்புக் கோடரியைக் கையில் எடுத்தால் ஒன்றை மறக்காமல் பாருங்கள். காம்பின் அடிமுனையில் வளர்ச்சி வளையக் கோடுகள் தெரியும். அவை கோடரியின் வாய் நோக்கும் திசையிலேயே ஓடினால் காம்பு வலுவானது, குறுக்கே ஓடினால் அடி தாங்காமல் பிளந்துவிடக்கூடும். காம்பின் பக்கவாட்டில் மரத்தின் நார் நடுவழியிலேயே வெளியேறி முடிகிறதா என்பதையும் பாருங்கள். அப்படி முடிகிற இடத்தில்தான் அது ஒடியும்.

மலைநடை:

மேலே சொன்னவற்றில் ரம்பம் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். கோடரி விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குட்டைக் காம்புக் கோடரி இலகுவானது என்பதாலேயே ஆபத்துக் குறைந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். நின்றுகொண்டு வீசும்போது நிலைமை நேர்மாறானது. நீண்ட காம்புக் கோடரி குறி தவறினால் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் உள்ள தரையில் போய் விழும். 35 சென்டிமீட்டர் காம்புள்ளது குறி தவறினால் அதன் வளைவான பாதை உங்கள் முழங்காலிலோ கணுக்காலின் மேலுள்ள எலும்பிலோதான் முடியும். அல்கான்குவினின் உட்பகுதியில் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞையே கிடைக்காது. வெட்டுக் காயத்தோடு வாகனம் நிற்கும் இடம் வரை நடந்துதான் வர வேண்டும். எந்தக் கோடரியை வாங்கினாலும், அழுத்திக் கட்டும் கட்டுத்துணியை முதுகுப்பையின் மேலறையில் வையுங்கள்.

வீச்சின் வலுவையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்மால் ஃபாரஸ்ட் கோடரியின் தலை ஏறக்குறைய 700 கிராம். காம்பு நீளமாக இருப்பதால் தலையின் வேகமும் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த இயற்பியல்தான். தேவையானால் இரு கையாலும் பிடிக்கலாம். தலைக்கு அருகில் பிடித்தால் கைக்கோடரியைப் போலவே சீவலாம். நான்கு பேர் போகிறீர்கள். கூடாரத்தையும் அடுப்பையும் பங்கிட்டுச் சுமப்பதைப் போலக் கோடரியை ஒருவரும் ரம்பத்தை இன்னொருவரும் சுமந்தால் முந்நூறு நானூறு கிராம் வேறுபாடு யாருக்கும் பாரமாகாது. அடுத்த ஆண்டு சிறுபடகில் போகவோ குளிர்காலத்தில் தங்கவோ எண்ணம் இருந்தால், அன்றைக்கும் இதே கோடரி போதும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் வடகாடு சொன்னதை மறுக்க மாட்டேன்.

மேப்பிள்நிழல்:

விதிகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பூங்காவில் உயிருள்ள மரத்தை வெட்டுவதும், பேர்ச் மரத்தின் பட்டையை உரிப்பதும் கூடாது. உட்பகுதித் தளங்களில் நிலத்தில் விழுந்து கிடக்கும் காய்ந்த மரத்தை எடுத்து எரிக்கலாம். தளத்தை ஒட்டிய இடங்களை முன்னே வந்தவர்கள் பொறுக்கி முடித்திருப்பார்கள். ஆகவே சற்றுத் தள்ளிச் சென்று, முழங்கைத் தடிப்பை மிஞ்சாத துண்டுகளைத் தேடுங்கள். அதைவிடப் பெரியது உங்கள் கருவிகளுக்கும் கூடாது, அந்த நெருப்புக் குழிக்கும் கூடாது. வீட்டிலிருந்து விறகு கொண்டு போக வேண்டாம். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகத வண்டு 2002இல் டெட்ரோயிட்டிலும் வின்ட்சரிலும் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது நெடுந்தூரம் பரவியதற்கு மனிதர்கள் வாகனத்தில் ஏற்றிச் சென்ற விறகு ஒரு முக்கிய காரணம். புறப்படும் முன் நெருப்புத் தடை நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தடை இருந்தால் கோடரியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெருவிரல் தடிப்பிலிருந்து மணிக்கட்டுத் தடிப்பு வரையுள்ள விறகுக்கு, ஒரே இரும்பாய்ப் பிடியின் அடிவரை ஓடும் அலகுள்ள கத்தியும் ஒரு மரக்கட்டையும் போதும். கத்தியை விறகின் தலையில் வைத்துக் கட்டையால் தட்டினால் அது பிளந்துவிடும். மோரா கார்பெர்க் போன்ற கத்திகள் இதற்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. கோடரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடைதான் முதற்கவலை என்றால் இதுவும் ஒரு வழி.

ஏரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மடக்கு வாள் வாங்குவது உறுதி. சிறுபடகுப் பயணம் இப்போதைக்கு எண்ணத்தில் இல்லாததால் எக்ஸ்7 பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் குட்டைக் காம்பின் ஆபத்தைப் பற்றி மலைநடை ஐயா எழுதியதை வாசித்த பிறகு சற்றுத் தயங்குகிறேன். அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை ஏதும் உண்டா? புதிதாக வாங்கியதைத் தீட்ட வேண்டுமா?

வடகாடு:

மலைநடை சொன்னது முற்றிலும் சரி. அதற்கு மாற்று, வீசுவதையே தவிர்ப்பதுதான். இரண்டு முழங்காலையும் நிலத்தில் ஊன்றி அமருங்கள். முன்னால் தடித்த மரக்கட்டை ஒன்றை அடிக்கட்டையாகப் போடுங்கள். அது உங்கள் முழங்காலிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். வாளால் அறுத்த துண்டின் முனையைப் பார்த்தால், காய்ந்த மரத்தில் நடுவிலிருந்து வெளிப்புறமாக மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடுவது தெரியும். விறகைப் படுக்கவைத்து அந்த வெடிப்பின் மேல் கோடரியின் வாயை ஒட்டிப் பிடியுங்கள். பிறகு விறகையும் கோடரியையும் பிரிக்காமல் ஒன்றாகத் தூக்கி அடிக்கட்டையில் ஓங்கித் தட்டுங்கள். வாய் உள்ளே இறங்கியதும் மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் மரம் இரண்டாகும். விறகைப் பிடித்த கை எப்போதும் வாயிலிருந்து விலகிக் கீழ்முனையிலேயே இருக்க வேண்டும். கணு உள்ள துண்டோடு மல்லுக்கட்டாமல் அதை ஒதுக்கிவிடுங்கள். நேரான நார் உள்ள துண்டு பக்கத்திலேயே கிடைக்கும். கோடரி பாதியில் சிக்கினால் அதன் பின்புறத்தை மரக்கட்டையால் தட்டலாம். கல்லாலோ இன்னொரு கோடரியாலோ தட்டவே கூடாது; தலை நசுங்கிவிடும்.

மழையில் நனைந்த விறகுக்கும் இதே முறைதான். நான்காகப் பிளந்து, வெளிப்பட்டையை ஒதுக்கி, உள்ளே வெளிர்நிறமாகத் தெரியும் பகுதியிலிருந்து சீவல்களைச் சீவி எடுங்கள். ஏரியோரத்து ஸ்புரூஸ், சீடர் மரங்கள் இதற்கு மிக ஏற்றவை. மேப்பிள் நின்று எரியும், ஆனால் பிளப்பதற்குக் கை வலிக்கும்.

கடையிலிருந்து வரும் வாய் பொதுவாக வேலைக்குப் போதிய கூரோடு இருக்கும். புறப்படும் முன் வட்டமான சிறிய சாணைக்கல்லால் மெல்லத் தீட்டினால் போதும். கல்லைச் சிறு வட்டங்களாகச் சுழற்றி இருபுறமும் சமமாகத் தீட்டுங்கள். வாயின் மெல்லிய புடைப்பு மறைந்து தட்டையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையில் நடக்கும்போது உறையைப் பூட்டி, தலை கீழே இருக்கும்படி முதுகுப்பையின் பக்கவாரில் இறுகக் கட்டுங்கள். தளத்தில் வேலை முடிந்தால் உடனே உறைக்குள் போட்டுவிடுங்கள்; இருட்டிய பிறகு விறகு பிளக்க வேண்டாம், இரவுக்கு வேண்டியதை வெளிச்சம் இருக்கும்போதே பிளந்து கூடாரத்தின் மழைமறைப்புக்குக் கீழே அடுக்கிவிடுங்கள்.