தஞ்சம் கோரியவரின் சட்ட நிலை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தஞ்சம் கேட்டு மனுப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் தமிழில் ஒரு எளிய வழிகாட்டி எழுதி வருகிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33ஆம் உறுப்பு. ஆனால் யார் அகதி என்று விசாரித்து முடிவெடுக்கும் நடைமுறையை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்கிறது. சிக்கலெல்லாம் அங்கேதான். அமெரிக்காவில் வந்து 1 ஆண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, தஞ்சம் கோரும் வாய்ப்பே போய்விடும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அகதியும் வெளிநாட்டவர்தான். ஜெர்மனியில் மனு நிராகரிக்கப்பட்ட சிலருக்குத் தரும் 'டுல்டுங்', நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது மட்டுமே. அதை வதிவிட அனுமதி என்று நம்பியிருப்பது ஆபத்து.

நீங்கள் இருக்கும் நாட்டில் விசாரணைக் காலத்தில் என்ன ஆவணம் தருகிறார்கள்? வேலை செய்ய எப்போது அனுமதி? மேல்முறையீடு செய்தால் நாடுகடத்தல் தானாக நிற்குமா, தனியாகத் தடையுத்தரவு வாங்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் மிக அவசரம். அதில் தவறான தகவல் போனால் ஒரு குடும்பமே திருப்பி அனுப்பப்படலாம்.

குடிவரவு வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், இந்தப் பாதையைக் கடந்தவர்கள் எழுதுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் குறிப்பிடுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பெயர், வழக்கு எண் எதையும் பொதுவில் போட வேண்டாம்.