கழன்றுபோன தலைப்பு: பழைய அட்டை ஓவியத்தைச் சுத்தம் செய்யலாமா?

நிலவன்76:
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பத்து வருடமாகப் பழைய காமிக்ஸ் சேர்க்கிறேன், கையால் வரைந்த அசல் அட்டை வாங்கியது இதுதான் முதல் தடவை. 1974-இல் வந்த மார்வல் திகில் இதழ் ஒன்றின் அட்டை. பெட்டியைப் பிரித்தால் தலைப்பு எழுத்து உள்ள தாள் தனியாகக் கழன்று கிடக்கிறது. அது இருந்த இடமெல்லாம் பழுப்பு. முகத்தருகே வெள்ளைப் பெயின்ட் திட்டுகள் வேறு. சட்டம் போடுபவர் பழுப்பை எடுத்து, வெள்ளையைச் சுரண்டி, படத்தைப் பலகையில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். சனிக்கிழமை கொடுக்கலாமா?

மசிக்கூடு:
கொடுக்காதீங்க தம்பி. அந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய விடாதீங்க.

அந்த வெள்ளை அழுக்கில்லை. ஓவியர் தவறிய கோட்டை மறைக்க வைத்த திருத்தம். அச்சுக்காகப் படமெடுக்கும் கேமராவுக்குக் கருப்பும் வெள்ளையும் தெரிந்தால் போதும், நீலப் பென்சில் தெரியாது. அதனால்தான் ஓரத்தில் நீலத்தில் குறிப்பு எழுதுவார்கள். 2009-இல் என்னிடமிருந்த அசல் காமிக்ஸ் பக்கம் ஒன்றில் அந்தக் குறிப்புகளை அழுக்கென்று நினைத்து ரப்பரால் அழித்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

பழுப்பு, ரப்பர் சிமென்ட் பசையின் வேலை. தலைப்பை ஒவ்வொரு மாதமும் வரைய மாட்டார்கள். போட்டோஸ்டாட் எடுத்து ஒட்டுவார்கள். பசை காய்ந்தால் தாள் உதிரும், கறை நிற்கும். கழன்ற துண்டை அமிலமில்லாத உறையில் போட்டுப் படத்தோடு வையுங்கள். செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அளவு பார்த்தீர்களா? 1967 வாக்கில் அமெரிக்க காமிக்ஸில் வரையும் பரப்பு 12.5 × 18.5 அங்குலத்திலிருந்து 10 × 15 ஆகச் சுருங்கியது. உங்களுடையது சின்ன அளவில்தான் இருக்க வேண்டும். அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். பின்னாளில் அதே அட்டையைத் திரும்ப வரைந்து விற்பதும் உண்டு.

சட்டம் போடலாம், ஆனால் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவே படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கேளுங்கள். இந்தியன் இங்க் என்ற கருப்பு மை தாங்கும், மார்க்கர் பேனா போட்ட இடம் வெளிறிவிடும். பலகையில் ஒட்டினால் பிரிக்கவே முடியாது.

ஓர் இதழுக்கு ஒரே அட்டைதான் தம்பி. அதுவும் எழுபதுகளின் நடுவில்தான் பதிப்பகங்கள் ஓவியருக்கு அசலைத் திருப்பித் தரத் தொடங்கின. அதற்கு முன் கிழித்தும் எறிந்தும் போனவை எத்தனையோ. உங்களுடையது தப்பி வந்திருக்கிறது.

தாளோசை:
மசிக்கூடு அண்ணன் சொல்வது சரி. பழைய தடம் இருப்பதால் மதிப்பு போய்விடாது. 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் டின்டின் காமிக்ஸ் கதையான 'நீலத் தாமரை'க்கு அதன் ஓவியர் எர்ஷே வரைந்த அட்டை 31 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அச்சுக்கே போகாத அட்டை அது! மடித்து வைத்திருந்த கோடுகள் படத்தின் குறுக்கே அப்படியே தெரியும்.

நிலவன்76:
மிக்க நன்றி அண்ணா. சட்டக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அளந்தேன், 10 × 15 சரியாக வருகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளைத் திட்டுக்கு அடியில் இன்னொரு கண் தெரிகிறது. அச்சில் உள்ளதைவிட அது கொஞ்சம் மேலே இருக்கிறது. காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.