மடவைக் குஞ்சின் காதுக்கல்லில் ஒரு மஞ்சள் வளையம்

எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும்போது ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது மடவை மீன் குஞ்சு. அதன் காதுக்கல்லில், அதாவது தலைக்குள் இருக்கிற சின்னக் கல்லில், நாளுக்கு ஒரு கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும். பழையாறு கடலில் சேருகிற மணக்குடிக் காயலில் கொசுவலையால் அரித்துப் பிடித்தோம். விரலில் பாதிகூட இருக்காது. அந்த உடம்பில் எந்த அடையாளத்தைக் குத்துவது? அதனால் ஆக்சிடெட்ராசைக்ளின் கரைத்த தண்ணீரில் விட்டோம். கால்சியத்தோடு ஒட்டுகிற மருந்து அது. அன்றைக்கு வளரும் எலும்பிலும் காதுக்கல்லிலும் படிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சளாக ஒளிரும்.

காதுக்கல் என்றதும் அப்பா உள்ளே போய் ஒரு கத்தாளை மீனின் தலைக்கல்லைக் கொண்டுவந்தார். பல் மாதிரி வெள்ளை, கையில் கனத்தது. "இதுக்குள்ளயா மக்களே நாளை எண்ணுதிய?" என்று கேட்டார். இதே கல்தான், ஆனால் என் குஞ்சுக்கு அது கடுகில் பாதி.

முதல் தடவை காயல் தண்ணீரிலேயே மருந்தைக் கரைத்தேன். கல்லில் சுத்தமாக ஒன்றும் இல்லை. "உப்புத் தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் கிடக்குல்லா, மருந்தை அதே பிடிச்சு வச்சிரும்" என்றார் சார். அப்புறம் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து, லிட்டருக்கு 400 மில்லிகிராம் வீதம் 24 மணி நேரம் வைத்தோம். மருந்து விழுந்ததும் தண்ணீர் புளித்துப்போகும். சோடா உப்பு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். காற்றுக்குழாயைத் திறந்தால் சோப்பு நுரை போலப் பொங்கும். ராத்திரி முழுக்க வழித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த முறை வளையம் விழுந்தது. ஆனால் கற்களை ஸ்லைடில் ஒட்டி ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மங்கிப்போய்க் கிடக்கிறது. வெட்டம் (வெளிச்சம்) பட்டால் இந்த மருந்து அழியும் என்று படித்திருந்தும் கைதவறிவிட்டது. ஒரு மாத உழைப்பு. அன்றைக்கு அழுதேன். இதைச் செய்ய நினைப்பவர்கள், தொட்டியிலிருந்து ஸ்லைடு வரை எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள். அது ஆன்டிபயாடிக், அதனால் மிச்சத் தண்ணீரைக் காயலில் ஊற்றாதீர்கள். அந்த மீனை யாருக்கும் தின்னவும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் தடவை இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். நகத்தில் வைத்தால் காணாமல் போகிற அந்தக் கல்லுக்குள் மஞ்சள்நூல் சுற்றினதுபோல ஒரு வளையம். விளக்கை மாற்றி, வளையத்துக்கு வெளியே உள்ள மெல்லிய கோடுகளை எண்ணினேன். 15. மருந்திலிருந்து எடுத்து 15 நாள் வளர்த்த குஞ்சு அது. நம்பமுடியாமல் மறுபடி எண்ணினேன். 15தான்.