லிவா பாலைவன ரிசார்ட்டில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். டிசம்பரில் அக்கா ஊரிலிருந்து அபுதாபி வருகிறாள். முழங்கால் வலி, தூக்கமும் சரியில்லை. இரண்டு ராத்திரியாவது சத்தமில்லாத இடத்தில் தங்க வைக்கணும்.

லிவா பக்கம் ரூப் அல் காலி பாலைவன மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் கஸர் அல் சராப் ரிசார்ட் மனதில் இருக்கிறது. காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் இருக்கும் அல் மஹா ரிசார்ட்டையும் பார்த்தேன். ஒவ்வொரு வில்லாவுக்கும் தனி நீச்சல்குளம், சுற்றிலும் ஓரிக்ஸ் மான்கள், எல்லாம் சரி. விலையைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்!

எனக்குப் பெரிய சந்தேகம் ஸ்பாதான். அக்கா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். ஹம்மாம் என்கிற நீராவிக் குளியலின் சூட்டுக்குள் அனுப்பும் முன் உடல்நிலையை ஒழுங்காக விசாரிக்கிறார்களா? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். மசாஜ் செய்பவர்கள் கைதேர்ந்தவர்களா, இல்லை வாசனை எண்ணெயும் மெல்லிய இசையும் மட்டும்தானா? கேரளாவின் கோட்டக்கல்லில் பிழிச்சல் என்கிற ஆயுர்வேத எண்ணெய் சிகிச்சை பார்த்த உடம்பு அது, சும்மா தடவிவிட்டால் ஏமாறாது.

அறையிலிருந்து ஸ்பாவுக்கும் சாப்பாட்டுக்கும் நிறைய நடக்கணுமா, படிகள் அதிகமா, கூப்பிட்டால் பக்கி வண்டி வருமா? சுத்த சைவத்துக்கு சாலட் தாண்டி ஏதாவது கிடைக்குமா?

விடுமுறைக் கூட்டத்தில் அந்த அமைதி இருக்குமா, இல்லை ஜனவரி நடுவில் போவது மேலா? தங்கிய அனுபவம் உள்ளவர்கள் மட்டும் சொல்லுங்கள், ப்ளீஸ்.