கெட்டமின் துணையுடன் உளச்சிகிச்சை: தங்கைக்குப் பொருந்துமா?

கேள்வி:
என் தங்கை நான்கு ஆண்டுகளாக மனச்சோர்வால் அவதிப்படுகிறாள். இரண்டு மருந்துகளை உரிய காலம் உட்கொண்டும் தேறவில்லை. காலையில் பல் துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். கெட்டமின் கொடுத்து, அதனோடு உளச்சிகிச்சையும் செய்யலாம் என்கிறார் மருத்துவர். மயக்க மருந்தாயிற்றே என்று அஞ்சுகிறோம். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அது 1970இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாகவே அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்கோ மிகக் குறைந்த அளவே, வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடங்களில் நரம்பு வழியே மெல்ல ஏற்றப்படுகிறது. மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்த வழக்கமான மனச்சோர்வு மருந்துகள் பலன் தர வாரங்கள் ஆகும்போது, குளூட்டமேட் என்ற வேறொரு மூளை வேதிப்பொருள் வழியாகச் செயல்படும் கெட்டமின் சில மணி நேரத்திலேயே பலருக்குத் தெளிவைத் தருகிறது. ஆனால் ஒருமுறை ஏற்றியதன் பலன் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேய்ந்துவிடும். மனம் சற்றே இளகியிருக்கும் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளவே உளச்சிகிச்சை சேர்க்கப்படுகிறது.

மறுமொழி 2:
நான் எடுத்துக்கொண்டவள். மருந்து ஏறியபோது போர்வைமேல் கிடந்த என் கை வேறு யாருடையதோ போலத் தோன்றியது. உளச்சிகிச்சையாளர் அதை முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. மறுநாள் அவரிடம் பேசியதுதான் எனக்கு உண்மையில் உதவியது.

மறுமொழி 3:
கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ மனச்சிதைவு நோயோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடிக்கடி, அதிக அளவில் எடுத்தால் சிறுநீர்ப்பை கெடும். பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே கண்காணிப்பில்லாமல் வீட்டில் எடுக்க யார் சொன்னாலும் தயவுசெய்து இணங்காதீர்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் (கெட்டமினின் ஒரு வடிவம்) மூக்குத் தெளிப்பானுக்கே இரண்டு மணி நேரக் கண்காணிப்பு கட்டாயம்.