பொருள்: "பவர் டைனமிக்ஸ்" – பெண்–பெண் காதல் காமிக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். "பவர் டைனமிக்ஸ்", அதாவது உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு, நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலுக்காகத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> "அதிகார இயக்கவியல்" என்று போட்டுவிட்டு மேலே போகலாமே, இதற்கு எதற்கு இத்தனை மடல்?

போகலாம்தான். ஆனால் இயக்கவியல் என்றதும் எனக்குப் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகமும் அதில் சாய்தளத்தில் சறுக்கும் மரக்கட்டையும்தான் ஞாபகம் வருகின்றன. நாம் பேசிக்கொண்டிருப்பது கொரிய வெப்டூன்களில், அதாவது இணையத்தில் வரும் காமிக்ஸில், வயது வந்தோருக்கென்றே வரும் கதைகளைப் பற்றி. இரண்டு பெண்கள், இருவருக்கும் அடங்கிப்போகத் தெரியாது, காதல் என்று அவர்கள் சொல்வதில் பாதி பழிவாங்கல். யார் குடுமி யார் கையில் என்பதுதான் கதையே. இதை மரக்கட்டை தாங்காது.

முதலில் வகைப்பெயரை முடித்துவிடுவோம். பெண்–பெண் காதல் கதைகளுக்கு ஜப்பானில் "யூரி" என்று பெயர், அந்த மொழியில் அது லில்லி மலர். 1976-இல் பாராஸொகு என்ற ஆண் தன்பாலீர்ப்பாளர் இதழின் ஆசிரியர் இத்தோ புங்காகு, பெண் வாசகர்களின் கடிதங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கி அவர்களை "யூரிஸொகு", லில்லிக் கூட்டம், என்று அழைத்தார். இதழின் பெயருக்கு ரோஜாக் கூட்டம் என்று பொருள், அதற்கு ஜோடியாக இது. அதே இரண்டு சீன எழுத்துகளைக் கொரியர்கள் பெக்ஹாப் என்று படிக்கிறார்கள். ஆக இரண்டு நாடுகளிலும் பூ ஒன்றுதான். நமக்கு அல்லி என்று அக்கா ஒருவர் சொன்னதும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரவில் மலரும் பூ, கதையின் இருட்டுக்கும் ஒத்துவருகிறது. கூடவே அல்லி ராணியின் ஞாபகமும் வரும். தாவரவியல்காரர்கள் லில்லி வேறு அல்லி வேறு என்பார்கள், அல்லி வட்டம் புல்லி வட்டம் என்று பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். அதெல்லாம் சமாளிக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு: "அல்லி ராஜ்ஜியமா நடக்குது?" என்பது நம்மூர் ஆண்கள் நக்கலாகச் சொல்வது. அப்புறம் அந்தக் கதையிலேயே அல்லியை அர்ச்சுனன் பாம்பு வடிவில் வந்து ஏமாற்றித்தான் கட்டிக்கொள்கிறான். பெண்கள் ஆண்ட நாட்டின் கதை ஒரு ஆணின் தந்திரத்தில் போய் முடிகிறது. ஆனாலும் யூரியும் ஒரு ஆண் ஆசிரியர் வைத்த பெயர்தானே, பெண்கள் எடுத்துத் தமதாக்கிக்கொள்ளவில்லையா? அதனால் "அல்லிக்கதை"க்கு என் ஓட்டு உண்டு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இலக்கண அண்ணா "பெருந்திணை" என்றார். ஏழு திணையில் கடைசி, தொல்காப்பியத்தில் "மிக்க காமத்து மிடல்" என்றே வருகிறது, மிடல் என்றால் வலிமை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருந்திணைக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் "பொருந்தாக் காமம்". பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைக்கு மேலே அந்தப் பலகையை மாட்டினால், பெண்ணும் பெண்ணும் என்பதால்தான் பொருந்தவில்லை என்று படிப்பார்கள். 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசே, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட இந்தச் சமூகத்தை மரியாதையாகக் குறிக்க ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்த வழக்கே இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போனதில் தொடங்கியது. அதற்குப் பிறகும் நாம் "பொருந்தா" என்ற வாசலைத் திறந்துவிட வேண்டாம், அண்ணா.

கொரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் "கப்", "உல்" என்பார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் நாம் 1-வது பார்ட்டி, 2-வது பார்ட்டி என்று எழுதுகிறோமே, அதுதான். கப் மேலே, உல் கீழே. மேலே இருப்பவர் ஆடும் ஆட்டத்துக்கு "கப்ஜில்" என்று பெயர். 2014 டிசம்பரில் நியூயார்க்கில், மக்கடேமியா பருப்பைத் தட்டில் வைக்காமல் பையோடு கொடுத்துவிட்டார்கள் என்று விமான நிறுவன முதலாளியின் மகள் கிளம்பிய விமானத்தைத் திருப்பச் சொன்னார் அல்லவா, அப்போது அந்தச் சொல் ஊரெல்லாம் புழங்கியது. ஆக அவர்களுக்குக் காதல் கதையின் சொல்லே வாடகைப் பத்திரத்திலிருந்து வருகிறது. நமக்கும் அப்படி அன்றாடப் புழக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

போன மாதம் ஒரு அத்தியாயத்தைச் சும்மா மொழிபெயர்த்துப் பார்த்தேன். இரவு நேரம், அலுவலகத்தில் இரண்டே பேர். மேலாளர் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவள் நிற்கிறாள். பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வரை நிற்பவள் "டீம்ஜாங்-நிம்", அதாவது குழுத்தலைவர் அவர்களே, என்று மரியாதையாகவே பேசுகிறாள். அப்புறம் மேசையைச் சுற்றி வந்து நாற்காலியின் கைப்பிடியில் கைவைத்து, மரியாதை விகுதியை மட்டும் உதிர்த்துவிட்டு அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறாள். அவ்வளவுதான். படத்தில் யாரும் யாரையும் தொடவில்லை, ஆனால் மேலே இருக்கும் ஆள் மாறிவிட்டது. நான் முதலில் "நீங்கள்" என்பதை "நீ" ஆக்கினேன், சப்பென்று இருந்தது. "எந்திரிங்க மேடம்" என்று எழுதி அடுத்த கட்டத்தில் "எந்திரிடி" என்று போட்டதும்தான் எனக்கே முதுகு சிலிர்த்தது. "டி" தோழியும் சொல்வாள், அம்மாவும் சொல்வாள், திட்டுகிறவளும் சொல்வாள். இந்த மூன்றும் ஒரே எழுத்தில் கிடைப்பது கொரியனுக்கே வராது.

அந்த நொடிக்கு என்ன பெயர்? நான் சொல்வது பிடி. "அவ பிடியில இருக்கா", "பிடியை விட்டுட்டா", "பிடி நழுவிடுச்சு" என்று நாம் தினம் சொல்கிறோம். கைப்பிடித்தல் என்றால் கல்யாணம், பிடிக்கும் என்றால் ஆசை, பிடி என்றால் பெண் யானையும்கூட. உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது பிடிநிலை, அது கைமாறும் கட்டம் பிடிமாற்றம், இருவரும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது பிடிப்போர்.

கொரிய வாசகர்கள் காதல் ஜோடியைக் கோங், சூ என்று பிரிப்பதை இங்கே ஒருவர் "தாக்குபவள், ஏற்பவள்" என்று மொழிபெயர்த்திருந்தார். சடுகுடு போல இருக்கிறது என்று சிரித்தேன், பிறகு யோசித்தால் சடுகுடுவேதான்: பாடிக்கொண்டு எதிர்க்கோட்டுக்குள் பாய்ந்து போகிறவள்தான் பிடிபடுகிறாள்.

--------

> பிடி என்றால் கட்டாயமும் அதில் வந்துவிடாதா? விருப்பத்தோடு ஆடும் ஆட்டத்தையும் வன்முறையையும் ஒரே சொல்லில் போட்டால் பிறகு பிரிக்க முடியாது. அப்புறம், பிடி + காதல் என்று யாராவது சேர்த்தால் "பிடிக்காதல்" ஆகிவிடும், பாதிப்பேர் "பிடிக்காத" என்று படிப்பார்கள்.

தங்கை சொல்வது நியாயம். பிடிநிலை இருவருக்கும் தெரிந்து, இருவரும் இறங்கியது என்றால் மட்டும் வைத்துக்கொள்வோம். ஒருத்தி வேண்டாம் என்ற பிறகும் நடப்பதற்கு வன்முறை என்ற சொல் இருக்கிறது, அதற்குக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. நம் சொற்பட்டியலில் விளக்கக் குறிப்பாக இதைச் சேர்த்துவிடுகிறேன்.

பிடிக்காதல் பற்றி: இந்தக் கதைகளில் முதல் இருபது அத்தியாயத்துக்கு இருவருக்கும் ஒருவரையொருவர் சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் பிழை அப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அண்ணா புணர்ச்சி விதியைக் காட்டித் தடுத்தால் பார்க்கலாம்.