ஆத்தாவின் உயில், அத்தையின் செட்டில்மெண்ட்: முதியோருக்கான வழக்கறிஞரிடம் நாங்கள் கண்டவை

காரைக்குடி உறுப்பினர்:

எங்கள் ஆத்தா தம் பங்கைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க விரும்பியபோது, இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றித் தரும் தானசெட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவிட்டால் பின்னால் சிக்கல் வராது என்று உறவினர் பலரும் சொன்னார்கள். முதியோரின் சொத்து விவகாரங்களையே பெரும்பாலும் பார்த்துவரும் வழக்கறிஞர் ஒருவரை அணுகினோம். வீட்டிற்கு வந்ததும் அவர், பிள்ளைகள் எல்லோரும் முகப்பில் இருக்கட்டும், ஆச்சியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அண்ணனுக்கு அதில் வருத்தம்தான்; ஆனால் பிள்ளைகள் சூழ்ந்திருக்க எழுதிய உயில் தாயின் சொந்த விருப்பம்தானா என்று நாளை நீதிமன்றத்தில் கேள்வி எழும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார்.

செட்டில்மெண்ட் பதிவானால் உரிமை கைமாறிவிடும். உயிலோ எழுதியவர் காலத்திற்குப் பிறகே நடைமுறைக்கு வரும், அறிவுத் தெளிவோடு இருக்கும்வரை அவர் அதை மாற்றியும் எழுதலாம். ஆத்தா உயிலையே தேர்ந்தார். எங்கள் வீடு பங்காளிகள் பலருக்கும் பொதுவானது என்பதால், பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, எந்த அறை நமது, வளவில் (உள்முற்றப் பகுதியில்) எவ்வளவு பங்கு, எது பொது என்று தெளிந்த பின்பே வழக்கறிஞர் எழுதத் தொடங்கினார். தமக்கு இல்லாததையும் சேர்த்து எழுதிவைத்து, பேரப்பிள்ளைகளைப் பங்காளிகளோடு வழக்காட விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சாட்சிகள் இருவர் போதும். ஒருவராக ஆத்தாவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரையே அழைத்தார். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவதே நல்லது என்றார். ஆத்தாவால் நடக்க இயலாததால், மனுக் கொடுத்துச் சார்பதிவாளரை வீட்டிற்கே வரவழைத்தோம்.

தேவகோட்டை உறுப்பினர்:

எங்கள் அத்தை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த பின்னரே நாங்கள் வழக்கறிஞரிடம் போனோம். எழுதி வாங்கியவர் சோற்றுக்கும் மருந்துக்கும் கூட வழி செய்யவில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ், அந்தச் செட்டில்மெண்டை ரத்து செய்யக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம் என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து கொடுக்கப்பட்டதைக் காட்ட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அத்தையின் பத்திரத்திலோ ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. முதியோருக்கு நன்மை தரும் வகையில் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்ற 2025 ஜனவரித் தீர்ப்பை வழக்கறிஞர் மனுவில் சேர்த்திருக்கிறார், விசாரணை நடந்துவருகிறது. செட்டில்மெண்ட்தான் என்று முடிவு செய்தவர்கள், பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.